அக்கரை அயல்நாடானது: சேதுக் கடற்கரையின் மக்களும் வாணிபமும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளில், படுத்திருக்கும் நந்தியின் உருவத்துக்குக் கீழே 'சேது' என்னும் தமிழ்ச் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'சேதுகாவலன்' என்பது அவ்வரசர் பூண்டிருந்த பட்டங்களுள் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர், இராமேசுவர யாத்திரிகர்களின் வழியைக் காக்கும் பொறுப்பைச் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தபோது இக்கரையிலும் ஒரு சேதுகாவலர் மரபு நிலைபெற்றது. இராமநாதபுரம் சேதுபதிகள் என நாடறிந்த மரபு அது. ஒரே நீர்ப்பரப்புக்கு இரு கரைகளிலும் காவலர் இருந்திருக்கின்றனர். ஆயினும் அவர்தம் காவல் என்பது யாத்திரிகரைக் காத்தலும், துறைகளில் சுங்கம் கொள்ளுதலும், முத்துக்கும் சங்குக்கும் குத்தகை பெறுதலுமாகவே இருந்தது. நீரின் நடுவே கோடு கிழிப்பது அக்காவலின் பகுதியாக இருக்கவில்லை.

அக்கோடு எப்போது வந்தது என்று கேட்டால், 1974-ஆம் ஆண்டு என்று விடை கூறுவதே இன்றைய வழக்கம். கச்சத்தீவைப் பற்றிப் பேசும் மேடைகள் யாவும் அவ்வாண்டிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. ஆனால் இக்கரையின் மக்கள் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். கோடு கடலில் வரையப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, மண்டபத்தின் மணற்பரப்பில், கூலிகளாகச் சென்ற ஏழை மக்களின் உடல்கள்மீது அது வரையப்பட்டுவிட்டது. அதற்கும் முன்னே காகித வடிவில் அது உலவியதுண்டு.

இக்கடலின் இயல்பே இங்கு நடந்த வாணிபத்தின் இயல்பையும் வகுத்தது. இராமேசுவரத் தீவின் கிழக்கு முனையிலிருந்து தலைமன்னார்வரை மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றின் வடக்கிலுள்ள நீர் ஆழமற்றது. பாம்பன் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டில் ஆழப்படுத்தப்பட்ட பின்னரும் சிறு கலங்களே அவ்வழிச் சென்றன. பெருங்கப்பல் புகமுடியாத நீர் என்பதால் இது தோணிக்காரரின் நீராயிற்று. பெருங்கப்பல்களை நம்பிய ஐரோப்பியக் கும்பினிகள் இங்கு முழு ஆதிக்கம் பெறத் திணறியதற்கும் இதுவே காரணம். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோழகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். ஒரு பக்கம் தொழில் முடங்கினால் மறுபக்கம் சென்று பிழைக்கலாம் என்பதனால் இக்கரை மக்கள் இடம்பெயர்வதை இயல்பாகவே பழகியிருந்தனர். பாக்கு நீரிணை என்னும் பெயரைக் கண்டு அதனை வெற்றிலைப் பாக்கோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரே அது. எனினும் அந்நீர்வழி மிகுதியாகச் சென்ற சரக்குகளுள் கண்டி நாட்டுப் பாக்கும் ஒன்று என்பதனால், பிழையான அப்பொருளும் வரலாற்றுக்கு முற்றிலும் புறம்பானதன்று.

பழமையை நாடுவோர்க்குப் பெரியபட்டினம் ஒன்றே போதும். இன்று அது இராமநாதபுரத்தின் தெற்கே அமைதியாகக் கிடக்கும் ஒரு கடற்கரை ஊர். 1980-களில் நொபொரு கராஷிமா முதலிய அறிஞர்கள் அங்கு மேற்கொண்ட களஆய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இபின் பதூதா குறிப்பிடும் 'பட்டன்' என்னும் துறை இதுவேயாகலாம் என்பது அவ்வறிஞர் கருத்து. இலங்கையிலிருந்து கடல் கடந்து மாபார்க் கரையை அடைந்த பயணி அவர். அருகிலுள்ள திருப்புல்லாணித் திருமால் கோயிலின் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்குப் பாண்டியர் வழங்கிய கொடையைப் பேசுகிறது. திருமால் கோயிற் சுவரில் பள்ளிவாசலின் உரிமை எழுதப்பட்டது அக்கால வாணிபம் ஈன்றெடுத்த இணக்கத்துக்குச் சான்று. குதிரையும் பீங்கானும் கொண்டுவந்த சோனகரின்றிப் பாண்டியர்க்குப் படையும் இல்லை, பட்டினமும் இல்லை.

இவ்விணக்கத்தின் இலக்கியப் பயனைத் தமிழுலகம் நன்கறியும். கீழக்கரை வள்ளல் சீதக்காதி கிழவன் சேதுபதியின் அவையில் செல்வாக்குடன் விளங்கியவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுதற்கு ஆதரவு நல்கியவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று பழமொழியில் வாழும் அவரை, டச்சுக்காரரின் ஆவணங்கள் பெரியதம்பி மரைக்காயர் என்னும் பெயரால், தங்கள் ஏகபோகத்துக்கு இடையூறாக நின்ற ஒரு பெருவணிகராகக் குறிக்கின்றன. கொடையை மட்டும் பாடிய நம் மரபு, அக்கொடைக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்க மறந்துவிட்டது. அது மிளகிலிருந்தும் துணியிலிருந்தும் சங்கிலிருந்தும் அக்கரைப் பாக்கிலிருந்தும் வந்தது. கீழக்கரை மரைக்காயர்களின் தோணிகள் இங்கிருந்து துணியும் அரிசியும் ஏற்றிச் சென்று பாக்கு ஏற்றித் திரும்பின. யாழ்ப்பாணத்துப் பனங்கைகள் இக்கரையின் வீடுகளுக்கு உத்திரங்களாயின. சங்கு பாம்பனிலிருந்து வங்கத்துக்குச் சென்று, டாக்கா நகரத்துச் சங்கறுப்போர் கையில் வளையலாயிற்று. வங்கத்து மணமகள் கைவளையலில் கீழக்கரைக் குளியாளின் மூச்சு அடங்கியிருந்தது என்று கவிஞர் ஒருவர் பாடியிருந்தால் அது மிகையாகாது.

டச்சுக்காரர் 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் இந்நீர்ப்பரப்பில் முதன்முறையாகக் காகிதம் வலிமை பெற்றது. எந்தத் தோணி, எந்தத் துறையிலிருந்து, எந்தச் சரக்குடன் செல்லலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றனர். சேதுபதிகளுடன் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பல, மீறப்பட்டவையும் பல. ஆழமற்ற நீரும் அலைவாய்களை நன்கறிந்த தோணிக்காரரும் சேர்ந்துகொண்டால் சீட்டு என்ன செய்யும்? டச்சு அதிகாரிகள் 'கள்ளக்கடத்தல்' என்று எழுதியதை இக்கரை மக்கள் வாணிபம் என்றே கருதினர். ஒரே செயலுக்கு இரு பெயர் வழங்கும் வழக்கம் இங்கு அன்றே தொடங்கிற்று.

ஆங்கிலேயர் 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியினின்றும் நீக்கி இராமநாதபுரத்தைத் தம் வசப்படுத்தினர். மறு ஆண்டே இலங்கையின் கரையோரப் பகுதிகளும் டச்சுக்காரரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறின. சில ஆண்டுகள் அப்பகுதிகள் சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. இரு கரையும் ஒரே ஆட்சியின்கீழ் வந்த காலம் அது. அக்காலம் நீடித்திருப்பின் வரலாறு வேறாயிருக்கும். ஆனால் 1802-இல் இலங்கை அரசுரிமைக் குடியேற்றமாகி இலண்டனின் நேரடி நிர்வாகத்துக்குட்பட்டது. இக்கரை கும்பினியின் சென்னை மாகாணமாகவே நீடித்தது. ஒரே கொடி, ஒரே மன்னர், இரண்டு கருவூலங்கள். இரண்டு சுங்கச் சாவடிகள், இரண்டு சட்டப் புத்தகங்கள். பின்னாளில் இரு சுதந்திர நாடுகளின் எல்லையாக மாறிய பிரிவு முதலில் இரு கணக்குப் புத்தகங்களின் பிரிவாகவே பிறந்தது.

இனி மக்களைப் பற்றி. இராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. வைகை கடலைச் சேராமல் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயிலேயே ஓய்ந்துவிடும் ஆறு. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் பஞ்சம். 1830-கள் முதல் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, நெல் விளையாத இந்நிலத்திலிருந்தும், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்தும் மக்கள் சாரிசாரியாகக் கடலை நோக்கி நடந்தனர். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகள் கங்காணிகளின் துறைகளாயின. தோணியில் மன்னார்க் கரையிறங்கி, நீரற்ற காட்டுவழியில் மாத்தளைவரை நடக்க வேண்டும். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் காத்திருந்தன. 1840-களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டனர் என்று 1849-இல் கொழும்பு இதழொன்று கணக்கிட்டது. அக்கணக்கு மிகையெனக் கொள்வாரும் உண்டு. பாதியெனக் கொண்டாலும் அது ஒரு போரின் பலிக்கணக்காகும். ஆயினும் அவர்களுக்கென ஒரு நடுகல்லும் நடப்படவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் இப்பெயர்ச்சி பெருவெள்ளமாயிற்று. காப்பி அழிந்து தேயிலை வந்தபின், பருவத்துக்குச் சென்று திரும்பிய ஆண்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கலாயினர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அவர்களோடு அவர்கள் உண்ணும் அரிசியும் கருவாடும் மிளகாயும் கடல் கடந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த செட்டிநாட்டு நகரத்தாரும் கடந்தனர். 1946-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். இந்நீரிணை ஒரு நூற்றாண்டில் ஒரு புதிய மக்களினத்தையே அக்கரையில் உருவாக்கிவிட்டது.

கங்காணியோடு வந்தவர்களுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு ஒன்று வழங்கப்பட்டது. சேரவேண்டிய தோட்டத்தின் எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்னர் அது தொழிலாளியின் கடனாக இறங்கும். பெயர் எழுதத் தேவையில்லை; எண் இருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குச் செய்த வசதி என்று அதனை நிர்வாகத்தார் விளக்கினர்.

1914 பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் சேவையும் தொடங்கின. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என இராசப் பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பலில் ஏறத்தாழ 22 மைல் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் வண்டியேறிக் கொழும்பு சேரலாம். அக்காலத்து மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்றனர். ஒரே பயணச்சீட்டில் இரு நாடுகள் என்பது அன்று யாருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை. நாடுகள் இரண்டு என்ற எண்ணமே வலுப்பெறாத காலம் அது. தனுஷ்கோடி சில பத்தாண்டுகளில் இரயில் நிலையமும் சுங்க அலுவலகமும் அஞ்சலகமும் கோயிலும் மாதாகோயிலும் கொண்ட துறைநகராக வளர்ந்தது. தீவின் இராமேசுவரம் கோயிலை நம்பி வாழ்ந்தது. தனுஷ்கோடியோ கடப்பவர்களை நம்பி வாழ்ந்தது.

இப்பெருவழியின் இக்கரை வாயிலில் அமைந்ததுதான் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அது. தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் கப்பலேறுமுன் சில நாட்கள் அங்கு தங்க வேண்டும். குளிப்பாட்டுவார்கள், துணிகளை ஆவியில் வேகவைப்பார்கள், அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். உடல் தகுதியற்றவர் என்று கருதப்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவர். கொள்ளைநோயால் ஆயிரக்கணக்கானோர் வழியில் மடிந்த பழைய காலத்தை நினைக்கும்போது, இம்மருத்துவ ஏற்பாட்டால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் அங்கே நிகழ்ந்தது மருத்துவம் மட்டுமன்று. இன்னார் கடக்கலாம், இன்னார் கடக்கலாகாது என்று அக்கரை அரசு இக்கரையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் முறை அங்கே வேரூன்றியது. எல்லை எனப்படுவதன் சாரம் அதுவே. நிலப்படத்தில் அது இல்லாதபோதே மண்டபத்து வரிசையில் அது இருந்தது. அவ்வரிசையில் நின்றவர்கள் உழைப்பாளிகள். 

மேல்நிலை மக்களுக்கு அக்காலத்தில் இக்கடல் திறந்த வாயிலாகவே இருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் திருக்கோவையார் உரையையும் பதிப்பித்தபோது, பொருளுதவி செய்தவர் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுச்சாமித் தேவர். சிகாகோவில் புகழ்பெற்றுத் திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரியில் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்திறங்க, பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம், யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த பேரகராதியை வெளியிட்டது. ஏடும் உரையும் அகராதியும் கடந்துவந்த அதே நீரிணையில் தகரத்துண்டு அணிந்தவர்களும் கடந்தனர். நம் இலக்கிய வரலாறுகள் முதலாவதை எழுதியிருக்கின்றன. இரண்டாவதைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதும்வரை தமிழ் உரைநடை பெரும்பாலும் வாய்திறக்கவில்லை.

வாயில் மூடப்பட்டது படிப்படியாகவே. 1939-இல், இலங்கையில் இந்தியத் தொழிலாளர்மீது வேற்றுமை காட்டப்படுவதைக் கண்டித்து, தொழிலாளர் அங்குச் செல்வதை இந்திய அரசே தடைசெய்தது. 1948-இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின்பின் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. பாட்டன் காலந்தொட்டுச் சென்றுவந்த வழியில் சீட்டின்றிச் சென்றவர் குற்றவாளியானார். 1952-இல் 'மொன்ரி' நடவடிக்கை என்னும் பெயரில் இலங்கைப் படையினர் வடகரையில் காவல் வைத்தனர். 1963-இல் அதற்கெனத் தனிப்படைப்பிரிவே அமைந்தது.

'கள்ளத்தோணி' என்னும் சொல் அக்காலத்தில்தான் வசைச்சொல்லாக நிலைத்தது. தோணி மாறவில்லை, தோணிக்காரன் மாறவில்லை, காற்றும் திசையும் மாறவில்லை. அடைமொழி ஒன்றே புதியது. நாளடைவில் அச்சொல் தோணியைவிட்டு இறங்கி மனிதர்மேல் ஏறிக்கொண்டது. நூறாண்டுகளுக்கு முன் வந்தவரின் பேரப்பிள்ளையையும், சட்டப்படி வந்து கடை வைத்தவரையும், சில வேளைகளில் யாழ்ப்பாணத்தவரையுங்கூட அது சுட்டிற்று. இத்துணைக் கொடுமையை இரண்டு எளிய தமிழ்ச் சொற்கள் சேர்ந்து செய்தன என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1964 இரட்டைத் துயரத்தின் ஆண்டு. அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, நாடற்ற 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுக்கலாம் என்று விடப்பட்டது. பின்னர் 1974-இல் அவர்களும் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் உடன்படிக்கைக்கு முன் கேட்கப்படவில்லை. ஒப்பமிட்ட மை உலர்ந்து எட்டு வாரங்கள் ஆவதற்குள், டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு சென்ற இரயில்வண்டி கடலுக்கு இரையாயிற்று. பாம்பன் பாலம் சிதைந்தது. 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசால் அறிவிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் எத்தனையோ ஊர்களைப் புயல் அழித்ததுண்டு. அவை மீண்டும் கட்டப்பட்டன. தனுஷ்கோடி கட்டப்படாமைக்குக் கடலின் சீற்றம் மட்டுமே காரணமன்று. கடக்கும் மக்களால் வாழ்ந்த ஊர் அது. கடத்தலே அருகிவிட்ட காலத்தில் அதனை மீண்டும் கட்டுதற்குத் தேவை எழவில்லை.

கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு மாற்றப்பட்டது. இப்போது அதில் வந்தவர்கள் உடன்படிக்கையின்படி 'தாயகம் திரும்பியோர்'. அவருட் பலர் தாயகத்தை அதற்குமுன் கண்டதில்லை. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். அவர்கள் முதலில் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். பாட்டன் மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்டு கப்பலேறிய குடும்பங்களில் பேரன் மண்டபத்தில் இறங்கிப் பெயர் பதிந்துகொண்டான். பின்னர் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் பிரிந்து சென்றவர்களை இங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'.

கடலிற் கோடு வந்தது இவையனைத்துக்கும் பின்னரே. 1921-இல் சென்னை, கொழும்பு அதிகாரிகள் மீன்பிடி எல்லை குறித்துப் பேசியதுண்டு. முறையான உடன்படிக்கை 1974 சூனில் இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்கா காலத்தில் ஏற்பட்டது. சேதுபதிகளின் சமஸ்தானக் குத்தகைகளில் இடம்பெற்றிருந்த கச்சத்தீவு கோட்டின் அப்புறம் சென்றது. 285 ஏக்கர் பரப்புடைய, குடிநீரற்ற சிறுதிட்டு அது. அந்தோணியார் கோயிலும், வலை உலர்த்தும் மணலுமே அதன் செல்வம். இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல விசாவின்றி அங்குச் சென்றுவரலாம் என்று அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு கூறிற்று. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கு எல்லை வகுத்தபோது பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டின் படகுகள் மறு நாட்டின் நீரில் மீன்பிடிக்கலாகாது என்று தெளிவாக்கின. நெருக்கடிநிலைக் காலம் அது. தமிழகத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அந்த சனவரியிலேயே கலைக்கப்பட்டிருந்தது. மீனவரின் குரலைச் சொல்ல ஒரு சட்டமன்றங்கூட அன்று இல்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதை நமக்கு இசைவாக முடியும். ஆனால் வரலாறு அவ்வளவு இசைவானதன்று. கோடு வரையப்பட்ட அதே காலத்தில்தான் இக்கரையில் விசைப்படகுகளும் இழுவைமடிகளும் பெருகின. வெளிநாட்டார் விரும்பிய இறாலுக்கு விலை ஏறியது; முதல் போட்டவர்கள் மீன்பிடி மரபினர் மட்டுமல்லர். கடலடியை உழுது செல்லும் மடிகள் இக்கரை நீரை வறிதாக்கியபின் அக்கரை நீரை நாடின. 1983 முதல் 2009 வரை போரினால் அக்கரைத் தமிழ் மீனவர் கடலுக்குச் செல்லவே தடைபட்டிருந்த காலத்தில், அவர்களுடைய நீர் நம் படகுகளுக்குத் திறந்து கிடந்தது. போர் ஓய்ந்து அவர்கள் வலையுடன் திரும்பியபோது, அவ்வலைகளை அறுத்துச் சென்றவை பெரும்பாலும் இராமேசுவரம் முதலிய துறைகளின் இழுவைப்படகுகள். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இலங்கைக் கடற்படையின் தோட்டாவுக்கும் சிறைக்கும் ஆளான நம் மீனவர் துயரம் மெய். மன்னார், யாழ்ப்பாணத்து மீனவரின் அறுந்த வலையும் மெய். முதலாவதை மட்டும் பாடி இரண்டாவதை மறைத்தல் தொப்புள்கொடி உறவு பேசுவார்க்கு அழகன்று. நாட்டுப்படகில் செல்லும் எளிய மீனவர் இரு கரையிலும் ஒரே இழப்பையே சுமக்கின்றனர்.

எல்லை வந்தால் விலை இரண்டாகும். விலை இரண்டானால் கடத்தல் பிறக்கும். 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய உழவர் செழித்தனர். அதே காலத்தில் சேலையும் கைலியும் இரவில் கடல் கடந்தன. கடல் அட்டையைப் பிடிப்பது இந்தியாவில் 2001 முதல் குற்றம். அக்கரையில் உரிமம் பெற்றால் தொழில். ஆகவே அட்டை இங்கிருந்து அங்குச் செல்கிறது. தங்கம் அங்கிருந்து இங்கு வருகிறது. இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபின், 2020 முதல் சமையல் மஞ்சள்கூடக் கடத்தற்பொருளாகிக் காவலரிடம் மூட்டைமூட்டையாகச் சிக்கியது. சீதக்காதி காலத்துப் பாக்கைப் போலவே இதுவும் தோணியில்தான் சென்றது. பாடும் புலவரும் கொடுக்கும் வள்ளலும் இக்கடத்தலில் தோன்றவில்லை என்பதே வேறுபாடு.

1983 சூலைக் கலவரத்தின்பின் இக்கடலைக் கடந்தவர்களுக்கு 'அகதி' என்று பெயர். போர்க்காலம் முழுவதிலுமாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். அவருள் மிகப் பலர் இராமேசுவரம், தனுஷ்கோடிக் கரைகளில் இறங்கி மண்டபத்தில் பதியப்பட்டனர். 1980-களின் நடுப்பகுதிக்குள் கப்பலும் நின்றது. இன்றும் சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டியை மக்கள் போட் மெயில் என்றே அழைக்கின்றனர். படகு இல்லாமற்போய் நாற்பது ஆண்டுகளாகின்றன. 1914-இன் பாலத்தருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன்மீது செல்லும் வண்டியும் இராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது.

2022 மார்ச் 22 அன்று இலங்கைத் தமிழர் பதினாறு பேர் இரு பிரிவினராகத் தனுஷ்கோடியை அடைந்தனர். முதலில் வந்தவர்களைப் படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டொன்றில் இறக்கிவிட்டுச் சென்றிருந்தனர். அவர்களைத் துரத்தியது குண்டன்று. அரிசி விலையும் பால்மா விலையும் எரிபொருளின்மையும். அடுத்த மாதங்களில் மேலும் பலர் அவ்வாறே வந்தனர். தாது வருடத்தில் பசி இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணியேறிற்று. இப்போது அது அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஏறிற்று. கடவுச்சீட்டின்றி வந்தமையால் அவர்கள் சட்டத்தின்முன் குற்றவாளிகள். போர் முடிந்துவிட்டமையால் அகதி என்னும் பெயரும் உடனே கிட்டவில்லை. விசாரணைகளுக்குப் பிறகு அவர்கள் தங்கவைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம்.